ஓடைக்கு மேலே நின்ற சிவப்புச் செடி

அந்த மரக்கங்காருவை என் பெரியப்பா மகன், அண்ணன் சிலாஸ் ஒளித்துக் கொண்டுவரவில்லை. சனிக்கிழமை காலையில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, சின்ன விமானம் இறங்கும் புல்வெளியின் நடுவாகவே நடந்து ஊருக்குள் வந்தான். நாய் முன்னால் ஓடி வந்தது. விலங்கின் பொன்னிற வால் அவன் முதுகில் ஆடிக்கொண்டிருந்தது. கழுத்தில் காட்டுப் பாதுகாப்பு அலுவலகத்துக்காரர்கள் மாட்டிய பட்டை, விலங்கு போகுமிடம் காட்டும் சின்னக் கறுப்புப் பெட்டியோடு அப்படியே இருந்தது.

"பட்டை போட்டிருந்தா என்ன? செடிக்குக் கீழ வந்தா நம்மது. அதானே பேச்சு?" என்று எதிரே வந்த எல்லோரிடமும் சொன்னான்.

"எங்கடா அடிச்சே?" என்று என் அப்பா கேட்டார்.

"பெரிய பாறைகிட்ட. தங்கெட்டுக்கு இந்தப் பக்கம்."

அப்பா மலையைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். பெரிய பாறை ஓடைக்கு மேலே இரண்டு மணி நேர ஏற்றத்தில் இருக்கிறது. வேட்டையாடும் எல்லை ஓடையோடு நின்றுவிடுகிறது.

தங்கெட் என்பது சிவந்த நீள இலைச் செடி. எங்கள் மலையில் அதுதான் வேலி, அதுதான் பத்திரம். நான் பிறந்த வருடம் எங்கள் குலங்கள் எல்லாம் கூடி, மலையின் மேல்பாதியை விலங்குகளுக்கு என்று விட்டுவிட்டார்கள். அங்கே வேட்டை கிடையாது, மரம் வெட்டக் கூடாது, தோட்டம் போடக் கூடாது. ஓடைக்கரை நெடுக தங்கெட் நட்டார்கள். அதற்குக் கீழே எப்போதும்போல் வேட்டையாடலாம். மேலே உள்ள காட்டில் பெரிய பங்கு, நடுப்பங்கு, என் அப்பாவின் தனியாங் குலத்துக்குச் சொந்தம். அதைக் காவல் காப்பவரோ என் அம்மாவின் அண்ணன், சொமேக் குலத்து எரூகே. ஆகவே எனக்கு இரண்டு பக்கமும் சொந்தம்.

நடந்ததைப் பற்றி அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை போனது. பத்தாம் வகுப்பு முடித்து, பதினொன்றில் இடம் கிடைக்காமல் ஊரில் சுற்றிக்கொண்டிருந்த என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். பதினோரு வரி. அதைப் படிக்கிறவர்களுக்கு என் மாமா ஒரு கவனக்குறைவான காவலர் என்றுதான் தோன்றும். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும் இல்லை.

எரூகே மாமாவுக்கு எழுதத் தெரியாது. அலுவலகம் கொடுத்த நோட்டில் படம் போடுவார். புழுக்கை கண்ட இடத்தில் புள்ளி, நகக்கீறல் கண்ட மரத்துக்கு மூன்று கோடு, நீள வால் சொர்க்கப்பறவைக்கு ஒரு வளைவு. புழுக்கையைக் கையில் உருட்டிப் பார்த்து, எந்தப் பெரணியைத் தின்றது, நேற்றா முந்தாநாளா என்று சொல்லிவிடுவார். இளவயதில் ஊரிலேயே பெரிய வேட்டைக்காரர் அவர்தான். மரத்தில் ஏறி, மரக்கங்காரு குதிக்கும் கணத்தில் வாலைப் பிடித்து இழுத்தவர் என்பார்கள். இடது முழங்காலில் அந்தக் காலத்துத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஏற்றத்தில் அந்தக் கால் கொஞ்சம் பின்தங்கும். மேல்காட்டை விலங்குகளுக்கு விட்டபோது நாய்களைத் தம்பியிடம் கொடுத்தார். வில்லை அடுப்புக்கு மேல் புகையில் செருகினார். இன்றுவரை அது அங்கேயே இருக்கிறது.

அவர் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி லோயுக் அத்தை பேசுவாள். "உங்க மாமா காட்டுல பதினாலு நாள் இருந்துட்டு வருவாரு. என்னய்யா பார்த்தேன்னு கேட்டா 'மழை'ம்பாரு. மழை இங்கயுந்தான் பேஞ்சுது!"

அன்று சனிக்கிழமை மாமா எங்கள் பெரியப்பா வீட்டு முற்றத்துக்கு வந்தார். பெரியப்பா தாம்பிங், சிலாஸின் அப்பா. தனியாங் குலத்துக்குத் தலைவர். மரக்கங்காரு வாழையிலையில் கிடந்தது. மாமா குந்தி உட்கார்ந்து அதன் வயிற்றுப் பையை விரலால் விரித்தார். உள்ளே குட்டி இல்லை. ஆனால் ஒரு காம்பு மட்டும் சுண்டுவிரல் நீளத்துக்கு நீண்டிருந்தது.

"குட்டி வெளிய இருக்கு. இன்னும் பால் குடிக்குது" என்றார்.

சிலாஸின் முகம் மாறியது. நான் பார்த்தேன். அதுவரை நிமிர்ந்து நின்றவன் நாயின் காதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வழிபாடு முடிந்ததும் அங்கேயே புல்லில் கூட்டம். சொமேக் குலத்து மொசேங் எழுந்தார். அவருக்கு நாக்குதான் ஆயுதம்.

"எங்க ஆள் ஒருத்தன் மேல்காட்டுல ஒரு புறா அடிச்சான். அபராதமா ரெண்டு பன்னி வாங்கினீங்க. இப்ப பட்டை போட்ட தாயையே கொன்னிருக்கான். தலைவர் மகன்னா செடி தானா நகர்ந்து குடுக்குமா?"

"செடி நகரல" என்றான் சிலாஸ். "நான் நாலு வருசமா கீழ கடற்கரைத் தென்னந்தோப்புல கொப்பரை மூட்டை தூக்கினேன். வந்து பார்த்தா மண் சரிஞ்சு ஓடையே வேற பக்கம் ஓடுது. சரிஞ்ச இடத்துல ஒரு தங்கெட் கூட இல்ல. நிமிர்ந்து பார்த்தேன். மேல பாறைகிட்ட ஒண்ணு செக்கச்செவேல்னு நிக்குது. எல்லைய மேல மாத்திட்டாங்கன்னு நினைச்சேன்."

"பாறைகிட்ட தங்கெட்டா? ஓணான் நட்டுச்சா?" என்றார் மொசேங். சொமேக் ஆட்கள் சிரித்தார்கள்.

மண்சரிவு உண்மைதான். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஓடைக்கரையில் ஒரு பெரிய துண்டு செடிகளோடு போய்விட்டது. மாமா புதிதாக நட்டார். மூன்றே மாதத்தில் அதுவும் சரிந்தது. மண் இறுகட்டும், பிறகு நடலாம் என்று விட்டிருந்தார்கள். ஆனால் பாறையருகே செடி இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. மாமாவின் காவல் பாதை எதிர்முகட்டில் போகிறது. இரண்டாவது சரிவுக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று அலுவலகம் சொல்லியிருந்தது. காட்டின் சொந்தக்காரர்களான எங்கள் குலத்தாரோ, விட்ட காட்டுக்குள் போவதில்லை.

பெரியப்பா கடைசியாக எழுந்தார். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்கு எல்லைய நடந்து பார்ப்போம். ரெண்டு குலமும் வரட்டும். வீட்டுக்கு ஒரு ஆள். செடி இருந்து, அதை நட்டவன் யாருன்னு தெரிஞ்சா பேசலாம். என் மகன் திருடன்னுதான் ஊர் சொல்லும்னா, திருடன் குலத்தோட காடு உங்களுக்கு எதுக்கு? நாங்க விட்ட காட்டை நாங்களே திரும்ப எடுத்துக்கறோம். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள தெரிஞ்சாகணும்."

தனியாங் காடு போனால் நடுவில் ஒன்றும் மிஞ்சாது. ஓரத்துத் துண்டுகளை வைத்துக்கொண்டு மரக்கங்காரு என்ன செய்யும்? கீழே நாய்கள் காத்திருக்கின்றன. மாமா தேவாலயச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். காவலர் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து திறந்து மாட்டிக்கொண்டிருந்தார். பதினேழு வருடம் அவர் நடந்த காடு அது.

எங்கள் ஊரில் எல்லையை நடந்து பார்ப்பது விளையாட்டல்ல. ஒவ்வொரு தங்கெட்டிடமும் நின்று தலைவர் "யார் நட்டது?" என்று கேட்பார். நட்டவன் இலையைப் பிடித்துக்கொண்டு தன் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் செத்திருந்தால் அவன் பிள்ளை சொல்ல வேண்டும். தங்கெட்டைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னால் வயிறு வீங்கிச் சாவான் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று முறை கேட்டும் யாரும் சொல்லாத செடியைப் பிடுங்கிவிடுவார்கள். அடுத்த குலத்து மண்ணில், அந்தக் குலம் கூப்பிடாமல் தங்கெட் நட்டவனோ, மண் திருடன். இதில் முன்பு அம்பு பறந்திருக்கிறது.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் எங்கள் வீட்டிலிருந்து நான். செடிகளின் கணக்கை எழுதவும் என்னைச் சொல்லியிருந்தார்கள். தனியாங் ஆண்கள் வில்லோடு வந்தார்கள். சொமேக் ஆட்கள் இடுப்பில் வெட்டுக்கத்தி. இரண்டு குலமும் பாதையின் இரண்டு ஓரத்தில் நடந்தன. நாய்களைக் கட்டிப்போட்டு வரச் சொன்னவர் மாமா. லோயுக் அத்தை அழைக்காமலே வந்தாள்.

"வீட்டுக்கு ஒரு ஆள்தானே?" என்றார் மொசேங்.

"உங்க ஆள் கிழங்கை மறந்துட்டு நோட்டை மட்டும் எடுத்துக்கிட்டுப் போவாரு. நீ ஊட்டுவியா?" என்றாள் அத்தை. பின்னல் பையை நெற்றியில் மாட்டி முன்னே நடந்தாள்.

முதல் செடி. "யார் நட்டது?"

"என் அப்பா கவாக் நட்டது. நான் அவர் மகன்."

இரண்டாவது. "யார் நட்டது?"

"நான். தாம்பிங்." பெரியப்பா தானே கேட்டுத் தானே பதில் சொன்னார்.

இப்படி முப்பத்தொரு செடி. பனி மூட்டம் விலகவே இல்லை. பாசி பிடித்த மரங்களில் நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எங்கேயோ ஒரு சொர்க்கப்பறவை தகரத்தைத் தட்டியதுபோல் கத்தியது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செடிக்குச் செடி குரல்கள் கனத்துக்கொண்டே வந்தன.

சரிவுக்கு வந்தோம். சிலாஸ் சொன்னது சரி. ஓடை பழைய தடத்தை விட்டு நூறு அடி தள்ளி ஓடியது. கரையில் வெறும் செம்மண். அங்கே நின்று நிமிர்ந்தால் மூட்டத்துக்கு நடுவே பெரிய பாறை. அதன் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி.

சிலாஸ் கையை நீட்டினான். பெரியப்பா நீளமாக மூச்சு விட்டார்.

"இருக்குல்ல?" என்றார் மொசேங்கைப் பார்த்து.

"இருக்கு. யார் வெச்சதுன்னு பார்ப்போம்" என்றார் அவர்.

மேலே ஏற இரண்டு மணி நேரம் ஆனது. பாறைக்கு இருபது அடி இருக்கும்போது, முன்னால் போன மாமா சட்டென்று நின்று குனிந்தார். பாசியிலிருந்து எதையோ பொறுக்கிக் கையில் உருட்டினார். மொச்சைக்கொட்டை அளவுக்குச் சின்னச் சின்னப் புழுக்கைகள். இன்னும் ஈரம்.

"குட்டி" என்றார். "இங்கதான் சுத்துது. இன்னைக்குக் காலையில போட்டது. சத்தம் போட்டா ஓடிரும். தனியா ஓடினா பிழைக்காது."

பெரியப்பா தலையாட்டினார். அது எங்கள் காட்டுக் குட்டி. பின்னால் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். அதன்பிறகு நடந்தது அத்தனையும் கிசுகிசுப்பில்தான். வில்லும் கத்தியும் பிடித்த ஆண்கள் முப்பது பேர் கிசுகிசுத்துச் சண்டை போட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

செடி என் தோள் உயரம் இருந்தது. பெரியப்பா அதன் எதிரே நின்றார்.

"யார் நட்டது?"

இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மொசேங் சிலாஸின் காதருகே குனிந்தார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "நீயே நட்டியா தம்பி? சொல்லிரு. தப்பிக்க நல்ல வழிதான். ஆனா கைய வெச்சு சொல்லணும்."

"நான் ஊருக்கு வந்தே மூணு மாசம். இந்தச் செடிக்கு ரெண்டு வயசு. கண்ணு தெரியாதா உனக்கு?"

"நீ இல்லாத நாலு வருசமும் உன் அப்பன் இங்கதானே இருந்தாரு. அவர் நட்டிருக்கலாம்."

ஒரு நாண் இழுபடும் சத்தம் கேட்டது. பெரியப்பா திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார். நாண் தளர்ந்தது.

"ரெண்டாவது தடவை கேக்கறேன். யார் நட்டது?"

அப்போது நான் மாமாவைப் பார்த்தேன். அவர் செடியைப் பார்க்கவில்லை. செடிக்கு இந்தப் பக்கம் இருந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பாசி மூடிய மூன்று கல், அடுப்புக்கல் மாதிரி. அவர் கண் அங்கிருந்து பாறைக்கு அடியில் போனது, பிறகு திரும்பி வந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பசிக்கிறபோது அப்படித்தான் நிற்பார். அத்தையும் அவரைப் பார்த்துவிட்டாள். அவள் கையில் உரித்த கிழங்கு அப்படியே நின்றது.

எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூன்றாவது முறை கேட்பார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள், செடியைப் பிடுங்குவார்கள். அவர் காவலராகவே இருப்பார். ஆனால் சிலாஸ் திருடன் ஆவான். காடு போகும். வாயைத் திறந்தால், தனியாங் மண்ணில் தங்கெட் நட்ட சொமேக் குலத்தான் அவர். எதிரே தனியாங் குலத்து வில்கள் அத்தனையும்.

"மூணாவது தடவை—"

"நான்தான்" என்றார் மாமா.

பின்தங்கும் காலை இழுத்து முன்னே வந்து இலையைப் பிடித்தார். "எரூகே. நான் நட்டேன். இந்தக் கையால."

மூன்று நாலு அம்புகள் ஒரே நேரத்தில் நாணில் ஏறின. மொசேங்கின் கை கத்திப்பிடிக்குப் போனது. நான் நின்ற இடம் இரண்டு பக்கத்துக்கும் நடுவே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எங்க மண்ணுல?" என்று பெரியப்பா கேட்டார். "காவல் காக்கச் சொன்னா, நட்டு வெச்சியா? இன்னும் எத்தனை இடத்துல எரூகே?"

"எல்லைக்கு நடல. குளிர்சுரம். மழை. ரெண்டாவது தடவை கரையில நட தங்கெட் கட்டு எடுத்துட்டு வந்தேன். நட்டுட்டு மேல வந்தேன், தாய்க்குப் பட்டை போட்ட வருசம் அது, அதைப் பார்க்க. இங்கயே நடுக்கம் வந்திருச்சு. தார்ப்பாய் கட்டணும். மூணு குச்சி வெட்டினேன். நாலாவது வெட்ட கை வரல. மிஞ்சின ஒரு தங்கெட் கொம்பு கைக்கு கெடச்சுது. அதை ஊனினேன்."

"தங்கெட்டையா? தார்ப்பாய்க்கா?"

"ஆமா."

"அதை ஊனினா வேர் விடும்னு தெரியாதா?"

"பால் குடிக்கிற பிள்ளைக்குக் கூடத் தெரியும்" என்றார் மாமா. "காலையில தார்ப்பாயை மட்டும் உருவிட்டு ஓடிட்டேன். சுரத்துல மறந்துட்டேன். இப்ப வரைக்கும் ஞாபகமே இல்ல. இந்தக் கல்லைப் பார்த்தப்பதான்."

"கதை!" என்று பின்னாலிருந்து ஒரு தனியாங் ஆள் சீறினான். "மண்ணைத் திருடிட்டு சுரம்ங்கறான்!"

மாமா முதுகுப் பையைக் கீழே வைத்தார். பை திறப்பதைப் பார்த்ததும் ஒரு வில் முழுக்க வளைந்தது. உள்ளேயிருந்து அவர் எடுத்தது தார்ப்பாய். நீல நிறம், நடுவில் அத்தை தைத்த ஒட்டு. அதைப் பாசியின் மேல் விரித்தார். ஒரு மூலையின் கயிற்றைச் செடியின் அடியில் வைத்தார். அது சரியாக அங்கே வந்தது. பிறகு மண்டியிட்டு மற்ற மூலைக்கு ஊர்ந்து போனார். பாசிக்குள் விரலை விட்டுத் துழாவினார். கிடைக்கவில்லை.

மாமாவின் விரல்கள் பாசிக்குள் மேலும் கீழும் போய் வந்தன. அவர் கழுத்தில் நரம்பு தெரிந்தது.

சிலாஸ்தான் முதலில் நகர்ந்தான். வில்லைக் கீழே வைத்துவிட்டு எதிர் மூலைக்குப் போய் மண்டியிட்டான். பாசியைப் பாய்போலச் சுருட்டினான். அடியில் ஒரு மக்கிய குச்சி, மேல்முனை கத்தியால் சாய்வாக வெட்டியது. தொட்டதும் உதிர்ந்தது. கயிறு நேராக அதற்கு வந்தது.

"இங்க ஒண்ணு" என்றான்.

மாமாவும் தன் பக்கத்துக் குச்சியைக் கண்டுபிடித்தார். நாலாவது மூலையில் குச்சி இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது. பெரியப்பாவே குனிந்து அதில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுதும் உள்ளே போனது. நாலு மூலை. பாறைக்கு அடியில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம். நடுவில் மூன்று அடுப்புக்கல்.

பெரியப்பா தார்ப்பாயின் ஒட்டுத்துணியையே வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஒட்டு யார் தெச்சது?"

"நான்தான்" என்றாள் லோயுக் அத்தை. "அதையும் இலையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லணுமா?"

யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அது பக்கத்தில் பரவியது. முப்பது ஆண்கள் சத்தம் வராமல் தோள் குலுங்கினார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. ஆனால் அம்புகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"மண்ணைத் திருட வந்தவன் தார்ப்பாய் அளவுக்கா திருடுவான்?" என்றார் அவர் கடைசியில். பிறகு மொசேங்கைப் பார்த்தார். "என் மகன் கண்ணு பொய் சொல்லல. செடி இருந்துச்சு. நட்டவன் சொல்லிட்டான். திருடன்னு இனி ஒரு வாய் பேசக் கூடாது."

"பேசல" என்றார் மொசேங். "ஆனா தாய் செத்தது செத்ததுதானே? அதுக்கு யாரு பதில்?"

மாமா தார்ப்பாயை விட்டு எழுந்து நின்றார்.

"நான்" என்றார் மாமா.

"நானும்" என்றான் சிலாஸ். "கழுத்துல பட்டையைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் விட்டேன் அம்பை. சந்தேகம் வந்துச்சு. செடியைப் பார்த்து சமாதானம் ஆயிட்டேன்."

அவன் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொன்ன பிறகு பெரியப்பா அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா, என்னால் சொல்ல முடியவில்லை.

முடிவு அங்கேயே சொல்லப்பட்டது. காடு விட்டது விட்டதுதான், திரும்ப எடுக்கவில்லை. மாமாவும் சிலாஸும் ஆளுக்கு ஒரு பன்றி, இரண்டு குலமும் சேர்ந்து தின்ன. எல்லைச் செடி நடும் உரிமை மாமாவுக்கு இனி இல்லை. காவலர் வேலை இருக்குமா என்பதை அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும். மாமா அப்போதே சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். அந்தக் குளிரில் வெற்று மார்போடு செடியின் முன் குந்தினார்.

அதைப் பிடுங்க அவரும் சிலாஸும் சேர்ந்தே இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு வருட வேர்கள், மஞ்சள் கிழங்கு போலப் பாறை இடுக்கெல்லாம் போயிருந்தன.

பிடுங்கியதும் புதுச் சிக்கல். எங்கே போடுவது?

"கீழ போட்டா மறுபடி வேர் விடும்" என்றார் பெரியப்பா.

"ஓடையில விட்டா?" என்றான் ஒருவன்.

"போய் யார் மண்ணுல ஒதுங்குமோ! அடுத்த ஊரோட சண்டை போடணுமா?"

கடைசியில் அதை அப்படியே ஊருக்குத் தூக்கிக்கொண்டு அரை நாள் இறக்கம். மாமா தண்டைப் பிடித்துக்கொள்ள, சிலாஸ் வேர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். ஒரு வேர் நுனிகூட மண்ணில் படக் கூடாது. ஓய்வெடுக்கும்போது மற்றவர்கள் மடியில் வாங்கிக்கொண்டார்கள். முதலில் தனியாங் ஆட்கள், கொஞ்சம் கழித்து சொமேக் ஆட்கள், ஒரு வளைவில் மொசேங்கும். "பிணத்தைக் கூட இவ்வளவு பத்திரமா தூக்கினதில்ல" என்றார். ஏறும்போது பாதையின் இரண்டு ஓரத்தில் நடந்தவர்கள் இறங்கும்போது கலந்திருந்தார்கள்.

மாமா மட்டும் ஒரே ஒரு முறை நின்று திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாறைக்கு மேலே சாய்ந்த மரத்தில், பெரணிக்கு நடுவே, சிவப்பாக ஏதோ அசைந்தது. இலையாக இருக்கலாம். மாமா அன்று சாயங்காலம் நோட்டில் ஒரு சின்னப் புள்ளியும், அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாலும் போட்டார்.

செடியை லோயுக் அத்தையின் அடுப்புக்கு மேல், வில்லுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். காய்ந்ததும் எரிக்க வேண்டும். இரண்டு வாரம் புகையில் கிடந்தது. எரிக்கலாம் என்று எடுத்தபோது தண்டின் நடுவே ஒரு தளிர் விட்டிருந்தது, சிவப்பாக. அத்தை அதை மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டி, "பாரு, உன் தார்ப்பாய்க் குச்சிக்கு இன்னும் புத்தி வரல" என்றாள். பிறகு துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போட்டாள். ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை என்று எண்ணிப் பார்த்தாள்.

அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. சட்டையை அத்தை கிழங்குத் தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறாள். மாமா வாரத்துக்கு ஒருமுறை மேலே போகிறார், சம்பளமில்லாமல். கிளம்புமுன் பெரியப்பா முற்றத்தில் நின்று அனுமதி கேட்கிறார். பெரியப்பா ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"குச்சி எதுல வெட்டப் போறே?"

"மூங்கில்ல" என்பார் மாமா.

"காட்டு."

மாமா பையைத் திறந்து, காய்ந்த நாலு மூங்கில் குச்சிகளைக் காட்டுவார். பெரியப்பா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்து, போகச் சொல்வார். போன வாரம் சிலாஸும் கூடப் போனான். நாயை எங்கள் வீட்டில் கட்டிவிட்டுப் போனான். அது நாள் முழுக்க மலையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.